விதையும் ஏரும் கேட்டு நடந்த வினோபா

நிலம் கேட்டு நடந்த வினோபா பாவேயை உலகம் அறியும். நிலத்தோடு விதையும் ஏரும் மாடும் கேட்ட வினோபாவை அறிந்தோர் சிலரே. அச்சரித்திரத்தையே ஈண்டுச் சொல்லப் புகுந்தோம்.

இவர் 1895-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் மகாராஷ்டிரத்திலே, கொலாபா ஜில்லாவின் காகோதே கிராமத்தில், அந்தணர் குலத்திற் பிறந்தார். விநாயக் நரஹரி பாவே என்பது இயற்பெயர். 1916-இல் காந்தியடிகளை அடைந்தார். 1940-இல் தனிநபர் சத்தியாக்கிரகத்துக்கு முதல்வராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். சிறைவாசங்களை விரிப்பிற் பெருகும். நமக்கு வேண்டுவது பவுனார் ஆசிரமத்துச் சோதனை. 1950-இல் பணத்தின் துணையின்றி வாழ்வதெனத் துணிந்து, மாடும் பூட்டாமல், மண்வெட்டி கொண்டே நிலத்தைக் கொத்திப் பயிரிட்டார். உழவின் வருத்தத்தை ஏட்டிலன்றித் தோளில் அறிந்தவர் அவர்.

1951 ஏப்ரல் 18-இல் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில், நிலமற்ற தாழ்த்தப்பட்ட குடும்பங்கள் நாற்பது, 80 ஏக்கர் வேண்டுமெனக் கேட்டன. கூட்டத்திலிருந்த இராமச்சந்திர ரெட்டி என்பார் 100 ஏக்கர் தர முன்வந்தார். பூமிதானம் அங்கே பிறந்தது. வீட்டில் ஐந்து மைந்தர் இருப்பின் தம்மை ஆறாவது மைந்தனாக எண்ணி ஆறில் ஒரு பங்கு தருமாறு ஊர்தோறும் கேட்டு, பதின்மூன்று ஆண்டு நடந்தார். தானம் என்பதற்குச் சமமாகப் பங்கிடுதல் என்றே அவர் பொருள் கொண்டார். ஆகவே பெறுபவன் தலைகுனிய வேண்டுவதில்லை.

ஆனால் நேற்றுவரை கூலிக்கு உழுதவனுக்கு ஓர் ஏக்கர் கிடைத்தால் அவன் எதைக் கொண்டு உழுவான்? மாடு பண்ணையாருடையது, ஏரும் அவருடையது, விதைநெல் வட்டிக்கடைக்காரனிடம். முதல் விதைப்புக்கே கடன் வாங்கினால் அறுவடை யாருக்குப் போகும்? தறியைக் கொடுத்து நூலைக் கொடாவிட்டால் நெசவாளி என் செய்வான் என்பது ஆலையிலே உழைத்த எமக்கு நன்கு விளங்கும். இதனை உணர்ந்தே வினோபா சாதனதானம் என்னும் வேறொரு தானத்தையும் கேட்கலானார். உழவுமாடு, கலப்பை, மண்வெட்டி, விதை ஆகியவற்றை இயன்றவர் அளிக்க வேண்டும். கிணறு வெட்டித் தருவதும் ஒரு தானமாயிற்று. நிலமில்லாதவனும் கொடுப்பவன் ஆகலாம் என்பது இதிலுள்ள சிறப்பு.

தம்மபதப் பாக்களைப் புதிய வரிசையில் தொகுத்தவர் வினோபா. அவருடைய இந்த ஏற்பாட்டை நோக்குங்கால் கூடதந்த சூத்திரம் நம் நினைவுக்கு வருகிறது. வேள்விக்குக் காளைகளைச் சேர்த்து வைத்த அந்தணனுக்குப் பகவன் மகாவிஜித மன்னனின் கதையைச் சொல்கிறார். நாட்டிலே திருட்டு மிகுந்தபோது, தண்டனையால் அது தீராது, உழுவோர்க்கு விதை கொடு, வணிகர்க்கு முதல் கொடு, ஊழியர்க்குக் கூலி கொடு என்பதே மன்னன் பெற்ற அறிவுரை. விதைக்கு அங்கே முதலிடம் கிடைத்ததைக் கவனிக்க.

1957 ஏப்ரலில் வினோபா கன்னியாகுமரியிலிருந்து கேரளத்துள் நுழைந்தார். 1956 நவம்பர் 1-இல் கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாகாணத்தோடு சேர, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்று ஆறு மாதமும் ஆகவில்லை. பாறசாலை, வெள்ளறடை முதலிய ஊர்கள் எல்லைக் கிராமங்களாயின. அம்மாதம் பதவியேற்ற நம்பூதிரிபாடு மந்திரிசபை, குடியானவரை வெளியேற்றுவதைத் தடுக்கும் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்திருந்தது. குடியிருப்பைச் சட்டம் காக்கும். மண்வெட்டியை யார் தருவது? இம்மலைச்சரிவுகளில் விதை என்பது பெரும்பாலும் மரச்சீனிக் கம்பும் வாழைக்கன்றுமே. கிழங்கைத் தின்றாலும் கம்பைக் காத்து வையாவிட்டால் மறு ஆண்டுக்கு நடக் கம்பு இராது. சில சென்டு வைத்திருப்பவனுக்கு ஒரு கட்டுக் கம்பு எத்துணைப் பெரிது என்பதை இங்குள்ளோர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

உள்ளதைச் சொல்வோம். நிலதானத்துக்குக் கிடைத்த புகழ் சாதனதானத்துக்குக் கிடைக்கவில்லை. நாற்பது இலட்சம் ஏக்கருக்கு மேல் நிலம் எழுதி வாங்கப்பட்டது; அதிற் பாறையும் இருந்தது, வழக்கும் இருந்தது. வினோபா உணவையும் மருந்தையும் விடுத்து 1982 நவம்பர் 15-இல் பவுனாரில் மறைந்தார். அடுத்த ஆண்டு பாரத ரத்னா விருது அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. தானமாக வந்த நிலத்திற் பெரும்பகுதி அப்போதும் பங்கிடப்படாமலே கிடந்தது.