பிளேக்கை வென்ற பினாங்கு டாக்டர்

பினாங்கு சூலியா தெருவை அறியாதவர் நம்மவருள் இருக்க முடியாது. அத்தெருவில் 1904-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சீன இளைஞர் வைத்தியசாலை திறந்து அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. ஆறே ஆண்டுகளில், உலகையே நடுங்க வைத்த ஒரு கொள்ளை நோயை அடக்கிய பெருமை அவரைச் சேர்ந்தது. அவரே டாக்டர் வூ லியன் தே. டாக்டரும் டிரஸ்ஸரும் தாதியும் கூலியாளும் ஒன்றுபட்டு வேலை செய்தாலன்றி ஓர் உயிரையும் காப்பாற்ற முடியாது என்பதை அன்னாரின் சரிதை விளக்குவது போல் வேறொன்று விளக்குமா என்பது நமக்கு ஐயமே.

1879 மார்ச் 10-ல் பினாங்கில் பிறந்தவர். தந்தையார் சீனத்திலிருந்து கப்பலேறி வந்து இங்கு நகைத் தொழில் செய்தவர். பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் படித்து, 1896-ல் ராணி உபகாரச் சம்பளம் பெற்று, கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கு வைத்தியம் படித்த முதல் சீன மாணவர் அவரே. லண்டன், லிவர்பூல், ஜெர்மனி, பாரிஸ் ஆகிய இடங்களிலும் பயின்று 1903-ல் திரும்பினார். இத்தனை படித்து வந்தவருக்குத் தாய்நாட்டில் கிடைத்த மரியாதை என்ன? சர்க்கார் வைத்திய இலாகாவின் மேல் பதவிகள் வெள்ளையருக்கே என்பது அக்காலச் சட்டம். கோலாலம்பூர் வைத்திய ஆராய்ச்சி நிலையத்தில் ஓராண்டு பெரிபெரி நோயை ஆராய்ந்துவிட்டு, சூலியா தெருவுக்கு வந்து சேர்ந்தார்.

அங்கும் சும்மா இருந்தாரில்லை. அபின் ஒழிப்பு இயக்கத்தில் முன்னின்றார். அபின் வரியே அன்று சர்க்காரின் பெரும் வருமானம் என்பதை நேயர்கள் அறிவர். 1907-ல் அவரது மருந்தறையைச் சோதனையிட்டு, வைத்தியத்துக்கு வைத்திருந்த சிறிதளவு அபின் கஷாயத்தைக் காரணமாக்கி அபராதம் விதித்தார்கள். மறு ஆண்டு சீன சர்க்காரின் அழைப்பை ஏற்றார். தியென்ட்சின் நகரிலிருந்த ராணுவ வைத்தியக் கல்லூரியின் உப தலைவராகச் சென்றார். பினாங்கு இழந்தது, சீனம் பெற்றது.

1910-ஆம் ஆண்டு இறுதியில் மஞ்சூரியாவில் நோய் கிளம்பியது. இதன் மூலத்தில் ஒரு வியாபாரச் சங்கதி உண்டு. டார்பகன் என்பது புல்வெளிகளில் வளை தோண்டி வாழும் ஒரு பிராணி. அதன் தோலுக்கு ஐரோப்பாவில் கிராக்கி ஏற்பட்டு விலை ஏறவே, தொழில் அறியாத ஆயிரக்கணக்கானோர் வேட்டைக்குக் கிளம்பினர். பரம்பரை மங்கோலிய வேடர்கள் நோயுற்ற பிராணியைக் கண்டால் தொடமாட்டார்கள். புதியவர்களுக்கு அந்த விவரம் தெரியாது. கடுங்குளிரில் ஜன்னலை அடைத்துக்கொண்டு, மலிவான சத்திரங்களில் நெருங்கிப் படுத்து, ரயிலேறி ஊர் திரும்பினார்கள். நோயும் ரயிலேறியது.

1910 டிசம்பர் 24-ல் டாக்டர் வூ ஹார்பின் நகரில் இறங்கினார். கையில் ஒரு நுண்ணோக்கிப் பெட்டி. துணைக்கு ஒரே ஒரு மாணவர். ரஷ்யரின் ரயில்வே பகுதியை அடுத்திருந்த ஃபூஜியாதியன் என்ற சீனர் குடியிருப்பில் சுமார் 24,000 பேர் இருந்தனர். மூன்றாம் நாள், இறந்துபோன ஒரு ஜப்பானிய மாதின் உடலை இரகசியமாகச் சோதித்தார். பிரேதத்தை அறுப்பது அந்நாட்டு வழக்கத்துக்கு விரோதமான காலம் அது. நுரையீரலில் பிளேக் கிருமிகள் நிறைந்திருந்தன. எலித் தெள்ளினால் பரவும் பிளேக்கையே உலகம் பெரிதும் அறிந்திருந்தது. இதுவோ மூச்சிலும் இருமலிலும் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தாவியது. பிடித்தவர் பிழைத்ததே இல்லை எனலாம். ஆகவே நோயாளியின் அருகில் செல்வோர் அனைவரும் மூக்கையும் வாயையும் மூடவேண்டும் என்றார். எந்தக் கடையிலும் கிடைக்கும் மெல்லிய வலைத்துணியை மடித்து, நடுவே பஞ்சு வைத்து, தலைக்குப் பின்னால் முடிச்சிடுவது. அவ்வளவுதான் அந்தக் கவசம்.

இதைப் பலர் நம்பவில்லை. 1911 ஜனவரித் தொடக்கத்தில் மெஸ்னி என்ற பிரெஞ்சு டாக்டர் வந்து சேர்ந்தார். வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். தியென்ட்சினில் வைத்தியக் கல்லூரிப் பேராசிரியர். முன்பு வேறோர் ஊரில் பிளேக்கை நேரில் கண்டவர். முப்பத்தொரு வயதுச் சீனருக்குக் கீழே வேலை செய்ய அவருக்கு மனமில்லை. தலைமை தமக்கே வேண்டும் என்றார். பேச்சு கோபத்தில் முடிந்தது. டாக்டர் வூ என்ன செய்தார்? அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. ஆட்களைத் தம் பக்கம் சேர்க்கவும் முயலவில்லை. ஒரே ஊரில் இரண்டு தலைமை இருந்தால் நோய்தான் லாபமடையும் என்று கண்டு, தம்மை விடுவிக்கும்படி பீக்கிங்குக்குத் தந்தி கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். மெஸ்னியைத் திரும்ப அழைத்துக்கொள்வதாகவும், வூவே பொறுப்பில் நீடிக்க வேண்டுமென்றும் பதில் வந்தது. மெஸ்னியோ ரஷ்யர் ஆஸ்பத்திரிக்குச் சென்று, முகக் கவசமின்றி நோயாளிகளைச் சோதித்தார். ஜனவரி 11-ல் மாண்டார். அவர் கெட்ட மனிதரல்லர், தைரியசாலி. தம்மினும் இளையவர் சொல்லைக் கேட்க முடியாத ஒரு குறை இருந்தது. அந்தச் சாவுக்குப் பிறகு ஊரில் கவசம் அணியாத முகத்தைக் காண்பது அரிதாயிற்று.

பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. வேறு நகரங்களிலிருந்து டாக்டர்களும் மாணவர்களும் தாமாகவே வந்தார்கள். ஃபூஜியாதியனை நான்கு வட்டாரங்களாகப் பிரித்தார். வட்டாரத்துக்கு ஒரு பெரிய டாக்டர். அவருக்குக் கீழ் உதவி டாக்டர்கள், மாணவர்கள், சுகாதாரச் சிப்பந்திகள், போலீஸார். வட்டாரந்தோறும் வெவ்வேறு நிறத்தில் கைப்பட்டை. பட்டையின் நிறத்தைக் கண்டதும் எவர் எங்கே நிற்க வேண்டியவர் என்பது தெரிந்துவிடும். அனுமதியின்றி வட்டாரம் தாண்ட முடியாது. சுமார் 1,160 போர்வீரர்கள் ஊரைச் சுற்றி நின்றனர். வீடு வீடாகச் சோதித்து, அன்றாடக் கணக்கு மேலே போயிற்று. நோயாளியோடு பழகியவர்களைத் தனியே வைக்க இடமில்லாதபோது, ரஷ்ய ரயில்வே 120 சரக்கு வண்டிகளை இரவல் கொடுத்தது. அதில் அவர்களை வைத்து, தினமும் உடல் சூட்டைப் பார்த்து, குணமென்று கண்டால் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பல ஆள் வைத்துக் கடை நடத்துவோருக்கு இதன் அருமை புரியும். கிட்டங்கியில் மூட்டை சுமப்பவனுக்கும் கணக்கெழுதுபவனுக்கும் தன் வேலை எது, தான் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது தெரியாவிட்டால் முதலாளி எவ்வளவு கெட்டிக்காரராயிருந்தும் என்ன பயன்? இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டாக்டருக்குக் கொடுத்த அதே கவசமே கூலியாளுக்கும் கொடுக்கப்பட்டது. ஆயினும் வண்டியோட்டிகளும் கூலிகளும் அதை ஒழுங்காக அணியாமலும், நோயாளிகளையும் பிணங்களையும் இடைவிடாது தூக்கியதாலும் அதிகமாக மாண்டார்கள். அங்கே வேலை செய்த ஏறத்தாழ மூவாயிரம் பேரில் முந்நூறு பேர் வரை உயிரிழந்தனர் என்பது கணக்கு. வெற்றி வூவின் பெயரால் வழங்குகிறது. விலை கொடுத்தவர் பெரும்பாலும் பெயர் தெரியாத ஏழைகள்.

மிகக் கடினமானது மயானப் பிரச்சினை. நிலம் பனியில் உறைந்து பாறையாகிவிட்டதால் தோண்ட முடியாமல், ஈராயிரத்துக்கு மேற்பட்ட பிரேதங்கள் வெளியே வரிசையாகக் கிடந்தன. எரிப்பதைத் தவிர வழியில்லை. மூதாதையரின் சமாதியை உயிரினும் மேலாகப் போற்றும் மக்களிடம் இதைச் சொல்வது எவ்வளவு பாரம்! மையித்து அடக்கத்தின் கண்ணியம் எத்தகையது என்பதை நாமும் அறிவோம். டாக்டர் வூ அதிகாரத்தைக் காட்டவில்லை. உள்ளூர் அதிகாரிகளை மயானத்துக்கு அழைத்துச் சென்று கண்ணால் காணச் செய்தார். பிறகு சக்கரவர்த்தியின் சர்க்காருக்கு விண்ணப்பம் சென்றது. அனுமதி வந்ததும், சீனப் புத்தாண்டின் மறுநாளான ஜனவரி 31-ல் சிதைகள் மூட்டப்பட்டன. மார்ச் முதல் தேதியோடு ஃபூஜியாதியனில் நோய் நின்றது. மஞ்சூரியா முழுவதிலும் சுமார் அறுபதினாயிரம் பேர் மாண்டிருந்தனர்.

அந்த ஏப்ரலில் முக்டன் நகரில் பதினொரு நாட்டு நிபுணர்கள் கூடிய சர்வதேச பிளேக் மாநாட்டுக்கு அவரே தலைவர். ஜப்பானின் புகழ்பெற்ற கிட்டசாட்டோ போன்றோர் அவர் முன் அமர்ந்திருந்தனர். பின்னர் மஞ்சூரியப் பிளேக் தடுப்பு ஸ்தாபனத்தை நிறுவி நடத்தினார். 1920-21-ல் நோய் மீண்டும் வந்தபோது, ஆட்களும் ஆஸ்பத்திரிகளும் ஆயத்தமாயிருந்தமையால் சாவு பத்தாயிரத்தை எட்டவில்லை. 1935-ல் நோபல் பரிசுக்கும் அவர் பெயர் முன்மொழியப்பட்டது.

1937-ல் ஷாங்காயில் போர் மூண்டபின் மலாயா திரும்பி, ஈப்போவில் சாதாரண வைத்தியராக அமர்ந்தார். மாநாடுகளுக்குத் தலைமை வகித்தவர், ஒரு கடைத்தெருவில் சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்து கொடுத்தார். ஏழைகளிடம் பணம் வாங்கவில்லை. ஈப்போவில் ஒரு நூலகம் அமையப் பொருள் திரட்டினார். 1959-ல் தம் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பினாங்குக்கே திரும்பி ஒரு புது வீட்டில் குடியேறிய சில நாட்களில், 1960 ஜனவரி 21-ல் தமது எண்பதாவது வயதில் காலமானார். அவர் படித்த ஃபிரீ ஸ்கூலில் மாணவர் இல்லம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.