அலீகர் பெரியாரும் ஈஸா நபியின் பிறப்பும்

ஸர் ஸையித் அஹ்மத் கான் என்றால் அலீகர் கலாசாலை. அலீகர் கலாசாலை என்றால் ஸர் ஸையித். இவ்வளவு நம்மில் பலருக்கும் தெரியும். அப்பெரியார் குர்ஆன் ஷரீபுக்கு விரிவுரை எழுதினார் என்பதும், அதில் ஹஜ்ரத் ஈஸா (அலை) அவர்களுக்குத் தகப்பனார் உண்டு என்று எழுதி உலமாக்களின் கோபத்துக்கு ஆளானார் என்பதும் சிலருக்கே தெரியும். தெரிந்தவர்களிலும் இரண்டு சாரார். ஒரு சாரார் அந்த ஒரு பேச்சைச் சொல்லி மனிதரையே தள்ளிவிடுகிறார்கள். மற்றச் சாரார் அவர் கட்டிய கலாசாலையைச் சொல்லி அந்தப் பேச்சை மூடிவிடுகிறார்கள். நாம் வியாபாரிகள். பேரேட்டில் பற்றையும் எழுத வேண்டும், வரவையும் எழுத வேண்டும். ஆகவே அவருடைய வாழ்க்கையையும் அந்த விவகாரத்தையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

1817-ம் வருஷம் அக்டோபர் 17-ந் தேதி டில்லியில் பிறந்தார். தாய்வழிப் பாட்டனார் குவாஜா பரீதுத்தீன், இரண்டாம் அக்பர் ஷா பாதுஷாவுக்கு வஜீராக இருந்தவர். தகப்பனார் மீர் முத்தகீ உலகப் பற்று குறைந்தவர். அவருடைய ஷெய்கான ஷா குலாம் அலீ அவர்களே பிள்ளைக்கு அஹ்மத் என்று பெயரிட்டார்கள். பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவர் தாயார் அஜீஜுன்னிஸா அம்மாள்தான். 1838-ல் தகப்பனார் மௌத்தானார். பாதுஷா வீட்டுச் சம்பளம் சுருங்கிப் போயிற்று. உறவினர் மனம் கோணியும் பாராமல் கும்பினியார் நீதிமன்றத்தில் உத்தியோகத்துக்குப் போனார். 1841-ல் முன்சீப் ஆனார். ஓய்வு நேரத்தில் டில்லியின் பழைய கட்டிடங்களை எல்லாம் அளந்து, கல்வெட்டுக்களைப் படியெடுத்து, 1847-ல் ஆஸாருஸ் ஸனாதீத் என்ற நூலை வெளியிட்டார். குத்பு மினாரின் உயரத்தில் உள்ள எழுத்துக்களைப் படிக்கக் கூடையில் அமர்ந்து கயிற்றில் தொங்கினார் என்பார்கள். எதையும் தாமே கிட்டப் போய்ப் பார்த்துத்தான் நம்பும் குணம் அப்போதே இருந்தது.

1857-ல் பெருங்கலகம் மூண்டபோது பிஜ்னோரில் உத்தியோகமாக இருந்தார். அங்கிருந்த ஆங்கிலேயரையும் அவர்கள் குடும்பங்களையும் உயிரோடு தப்புவித்தார். டில்லியில் தம் சொந்த வீட்டைக் காப்பாற்ற முடியவில்லை. தாயார் பழைய வேலைக்காரி ஒருத்தியின் குடிசையில் ஒளிந்து, குதிரைக்குப் போடும் தானியத்தைத் தின்று நாட்களைக் கழித்தார். மகன் தேடிக் கண்டுபிடித்து மீரட்டுக்கு அழைத்துச் சென்றார். அதன் பிறகு அவ்வம்மையார் அதிக நாள் உயிரோடிருக்கவில்லை.

இந்தத் துயரத்துக்குப் பின்னர்தான் அவர் முஸ்லிம்களின் கல்வியைப் பற்றிச் சிந்திக்கலானார். பாதிரிமார் கடைத்தெருவெல்லாம் நின்று இஸ்லாத்தைத் தாக்கிப் பேசிய காலம் அது. காஜிப்பூரில் உத்தியோகம் பார்க்கையில் சொந்தப் பணத்தில் அச்சு யந்திரம் வாங்கி, ஹீப்ரு தெரிந்த யூதர் ஒருவரை வைத்துக்கொண்டு, கிறிஸ்தவர்களின் பைபிளுக்கே ஒரு விரிவுரை எழுதத் தொடங்கினார். முஸ்லிம் ஒருவர் அப்படி முயன்றது அதற்கு முன் இந்தியாவில் கேள்விப்படாத காரியம். அதன் முதற் பாகம் 1862-ல் வெளிவந்தது. பிறகு வில்லியம் மூர் என்ற ஆங்கில அதிகாரி ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்களின் சரித்திரத்தைக் குறை கூறி எழுதிய புத்தகம் அவர் நெஞ்சைச் சுட்டது. 1869-ல் பிள்ளைகள் இருவருடன் லண்டனுக்குக் கப்பலேறினார். அங்குள்ள நூல் நிலையங்களில் உட்கார்ந்து மறுப்பு எழுதி 1870-ல் ஆங்கிலத்திலேயே அச்சிட்டார். செலவுக்குப் பணம் போதாமல், வீட்டிலுள்ள செம்புப் பாத்திரங்களை விற்றாவது அனுப்பும்படி ஊரிலுள்ள நண்பருக்குக் கடிதம் எழுதினார். அவர் ஈமானைச் சந்தேகிப்பவர்கள் இந்தச் செம்புப் பாத்திரங்களையும் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஊர் திரும்பியதும் 1870 டிசம்பரில் தஹ்ஜீபுல் அக்லாக் பத்திரிகையைத் தொடங்கினார். 1875-ல் அலீகரில் மதரஸா திறந்தார். 1877 ஜனவரியில் ராஜப்பிரதிநிதி லிட்டன் பிரபு கலாசாலைக்கு அஸ்திவாரக் கல் வைத்தார். உத்தியோகத்தை 1876-லேயே விட்டுவிட்டு அலீகரில் வந்து குடியேறியிருந்தார். 1880-ல் குர்ஆன் தப்ஸீரின் முதற் பாகம் வெளிவந்தது. வினை அங்கே தொடங்கியது.

அவருடைய அடிப்படைக் கொள்கை ஒன்றுதான். படைப்பெல்லாம் அல்லாஹ்வின் செயல்; குர்ஆன் அல்லாஹ்வின் சொல். அவன் செயலும் சொல்லும் ஒன்றுக்கொன்று முரண்பட மாட்டா. இதுவரை யாருக்கும் ஆட்சேபணை இராது. அதற்கு மேல் ஒரு படி சென்று, இயற்கையின் விதிக்கு மாறாக ஒன்று நடந்ததாக ஓர் ஆயத்துக்குப் பொருள் கொண்டால், பொருள் கொண்டவர்களிடமே தவறு இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டுதான் ஆல இம்ரான் சூராவுக்கு வந்தார்.

நம் ஜும்ஹூர் உலமாக்கள், அதாவது இமாம் தபரீ, இமாம் ராஸீ, இப்னு கஸீர் முதலிய முபஸ்ஸிர்கள் எல்லோரும் சொல்வது இது: மர்யம் (அலை) அவர்கள் ஆண் தீண்டாக் கன்னியாக இருக்கையில், அல்லாஹ்வின் கட்டளையால் ஜிப்ரீல் (அலை) ரூஹை ஊதக் கருவுற்று, ஈஸா (அலை) அவர்களைத் தகப்பனின்றிப் பெற்றார்கள். இதில் அவர்களுக்குள் பேதமில்லை. சில்லறை விஷயங்களில் பேதமுண்டு. ரூஹ் ஊதப்பட்டது சட்டையின் கழுத்திலா, கையிலா என்பார்கள். கர்ப்ப காலம் சிறிது நேரமா, மற்றப் பெண்களைப் போல ஒன்பது மாதமா என்பதிலும் இரு சொல் உண்டு. ஒன்பது மாதம் என்பதே பிரபலமானது என்று இப்னு கஸீர் எழுதுகிறார். மர்யம் (அலை) அவர்களும் ஒரு நபியே என்று சொன்ன இப்னு ஹஸ்ம், குர்துபீ போன்றவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தகப்பன் உண்டு என்று அவர்களில் ஒருவரும் எழுதவில்லை.

ஸர் ஸையித் எழுதியதன் சாரம் வருமாறு. தமக்குப் பிள்ளை எப்படி உண்டாகும், எந்த மனிதரும் தம்மைத் தொடவில்லையே என்று மர்யம் (அலை) கேட்டது நற்செய்தி வந்த அந்த வேளையில். அந்த வேளைக்கு அது உண்மை. அதன் பிறகும் விவாகம் நடக்கவில்லை என்று குர்ஆனில் எங்கும் சொல்லப்படவில்லை. யூஸுப் என்ற தச்சருக்கு அவர்கள் நிச்சயிக்கப்பட்டிருந்தார்கள். இன்ஜீலில் தாவூது நபி முதல் இறங்கும் வமிச வரிசையே யூஸுப் வழியாகத்தான் வருகிறது. ஆகு என்றதும் ஆகிவிடுகிறது என்ற வாக்கு, முறைப்படி உண்டாகும் பொருள்களுக்கும் பொருந்தும். ரூஹை ஊதியதாகச் சொல்வதும் புதிதல்ல. ஸஜ்தா சூராவில் எல்லா மனிதரையும் பற்றி அப்படித்தான் வருகிறது. ஈஸா (அலை) ஆதம் (அலை) அவர்களைப் போன்றவர் என்ற ஆயத்தின் கருத்து, இருவரும் மண்ணிலிருந்து படைக்கப்பட்ட மனிதர்களே, கடவுள் அல்ல என்பதுதான். தகப்பனில்லாமையே கருத்தென்றால் ஆதமுக்குத் தாயுமில்லையே, உவமை எப்படிப் பொருந்தும்? தொட்டிலில் பேசியதைக்கூட, அண்மைக் காலம் வரை தொட்டிலில் கிடந்த சிறு பிள்ளையோடு நாங்கள் என்ன பேசுவது என்று பெரியவர்கள் அலட்சியமாகச் சொன்ன சொல்லாகவே அவர் பொருள் செய்தார்.

உலமாக்களின் பதிலையும் கேட்க வேண்டும். பின்னால் விவாகம் செய்து பிள்ளை பெறப் போகிறவள் நற்செய்தி கேட்டு ஏன் திகைக்கப் போகிறாள்? திகைத்துக் கேட்டவர்களுக்கு, உனக்கு விவாகம் நடக்கும் என்று மலக்கு சொல்லவில்லையே. அல்லாஹ்வுக்கு இது எளிது என்றல்லவா பதில் வந்தது! பிள்ளையை ஏந்தி வந்தபோது ஊரார் ஏன் பழித்தார்கள்? பிள்ளைகளைத் தகப்பன் பெயரால் அழையுங்கள் என்று அஹ்ஸாப் சூராவில் கட்டளையிட்ட குர்ஆன், இவர்களை மட்டும் மர்யமின் மகன் என்றே ஏன் திரும்பத் திரும்ப அழைக்கிறது? இன்ஜீலைச் சாட்சிக்கு அழைத்தால், அந்த வமிச வரிசையை எழுதிய மத்தேயுவே அடுத்த வரிகளில் யூஸுப் தகப்பனல்லர் என்று சொல்லிவிடுகிறாரே! ஆதமின் உவமையோ, நஜ்ரானிலிருந்து வந்த கிறிஸ்தவர்களுக்குப் பதிலாக இறங்கியது. தகப்பனில்லாததால் அவர் கடவுளின் மகன் என்று அவர்கள் வாதித்தார்கள். தாயும் தந்தையும் இல்லாத ஆதமே கடவுளாகவில்லை என்றால் தாயுள்ளவர் எப்படி ஆவார் என்பதே பதில். உவமை அங்குதான் கூர்மையாக நிற்கிறது.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது இன்னொன்று. அது மர்யம் சூராவிலேயே இருக்கிறது. யஹ்யா (அலை) அவர்களைப் பற்றிச் சொல்லும்போது, தம் தாய் தந்தை இருவருக்கும் நன்மை செய்பவர் என்று வருகிறது. சில ஆயத்துகள் தாண்டி, ஈஸா (அலை) தம்மைப் பற்றிச் சொல்லும்போது தம் தாய்க்கு நன்மை செய்பவர் என்று மட்டும் வருகிறது. ஒரே சூரா, ஒரே வகை வாக்கியம், தகப்பன் மட்டும் இல்லை. மதரஸாவில் கொஞ்சம் அரபி இலக்கணம் படித்தவனுக்கும் இது விளங்கும். ஸர் ஸையித் எவ்வளவு கெட்டிக்காரராயினும் இந்த இடத்தில் அவர் தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்பதே என் அபிப்பிராயம்.

டிசம்பர் மாதத்தில் கடைக்கு வரும் கிறிஸ்தவ வாடிக்கைக்காரர்கள், உங்கள் வேதத்திலும் மேரி அம்மாள் உண்டா என்று கேட்பதுண்டு. ஒரு சூராவுக்கே அவர்கள் பெயர் என்றால் நம்பமாட்டார்கள். அது நிற்க.

தப்ஸீர் வெளிவந்த பின் எதிர்ப்பு பலத்தது. நேச்சரி என்று அவருக்கும் அவரைச் சேர்ந்தவர்களுக்கும் பட்டப் பெயர் சூட்டினார்கள். இதற்கு முன்பே, கலாசாலை முயற்சி தொடங்கிய நாளிலேயே, அவர் காபிர் என்று பத்வாக்கள் வாங்கப்பட்டிருந்தன. ஒருவர் மக்கா ஷரீப் வரை போய் வாங்கி வந்தார். ஜமாலுத்தீன் அப்கானியும் அவர் தப்ஸீரைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். தேவ்பந்து மதரஸாவை நிறுவியவர்களில் தலையாயவரான மௌலானா காஸிம் நானோத்தவீ அவர்கள், ஸர் ஸையிதின் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்தார்கள். மறுப்பில் காரம் இருந்தது, வசை இல்லை. 1880-ல் மௌலானா வபாத்தானபோது, அவர்களைப் புகழ்ந்து தம் பத்திரிகையில் மனமுருக எழுதியவர் அதே ஸர் ஸையித்தான்.

நெருங்கிய நண்பர்களும் இதில் அவரோடு சேரவில்லை. செம்புப் பாத்திரக் கடிதத்தைப் பெற்ற நண்பர் நவாப் முஹ்ஸினுல் முல்க், தப்ஸீரின் பொருள்களை ஏற்க முடியவில்லை என்று கடிதங்கள் எழுதினார். அவருக்குப் பதிலாக ஸர் ஸையித் எழுதிய தப்ஸீர் விதிகள் 1892-ல் அச்சாயின. அவர் சரித்திரத்தை எழுதிய கவிஞர் ஹாலீயும், பக்கம் பக்கமாகப் புகழ்ந்தவர், தப்ஸீரில் அவர் பல இடங்களில் சறுக்கினார் என்று மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

இனி, நாம் கவனிக்க வேண்டிய இடம் கலாசாலை. தம் சொந்தத் தப்ஸீரை அங்கே பாடமாக்கும் அதிகாரம் அவர் கையில் இருந்தது. அவர் அப்படிச் செய்யவில்லை. மார்க்கக் கல்வியில் தாம் தலையிடுவதில்லை என்று ஒதுங்கிக்கொண்டு, ஸுன்னிகளுக்கு ஸுன்னி ஆலிம்களையும் ஷியாக்களுக்கு ஷியா ஆலிம்களையும் வைத்தார். 1893 முதல் ஸுன்னி மார்க்கக் கல்விக்குத் தலைவராக இருந்தவர் மௌலானா அப்துல்லாஹ் அன்ஸாரீ. அவர் வேறு யாருமல்லர், நானோத்தவீ அவர்களின் மருமகன்.

பணத்துக்காக அவர் பட்ட பாடு தனிக் கதை. லாட்டரிச் சீட்டு நடத்தினார். அதற்கும் ஏச்சு வாங்கினார். வயதான காலத்தில் மேடையேறிக் காட்சியாக நின்றும் பணம் சேர்த்தார். கொடுத்தவர் பெயரைச் சுவரில் கல்லில் பொறித்தார். ஒரு மதிற்சுவர் முழுவதும் அப்படியே எழுந்தது. 1895-ல் நம்பி வைத்திருந்த தலைமைக் கணக்கப்பிள்ளை, கலாசாலைப் பணத்தில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் கையாடியது வெளிவந்தது. அந்நாளில் ஒரு லட்சம்! கணக்கைத் தாமே பார்க்காத முதலாளியின் கதி அவருக்கும் நேர்ந்தது. அந்த அடி அவர் உடம்பைத் தளர்த்தியது என்றே அவரை அறிந்தவர்கள் எழுதியுள்ளார்கள்.

தப்ஸீர் முடியவில்லை. அவர் காலத்தில் ஆறு பாகங்கள் பதினேழாவது சூரா வரை வந்தன. மர்யம் சூரா பத்தொன்பதாவது. அவர் எழுதி வைத்திருந்த மிச்சம் மௌத்துக்குப் பிறகே அச்சேறியது.

அவர் கருத்து அவரோடு போய்விடவில்லை. லாஹூர் அஹ்மதியாக்களின் தலைவர் முஹம்மத் அலீ 1917-ல் வெளியிட்ட ஆங்கிலத் தர்ஜுமாவிலும், பின்னர் பாகிஸ்தானில் குலாம் அஹ்மத் பர்வேஸ் எழுதியவற்றிலும் இதே போக்கைக் காணலாம். இதில் ஒரு விநோதம்: அஹ்மதியா இயக்கத்தைத் தொடங்கிய மிர்ஸாவே தகப்பனில்லாப் பிறப்பைத்தான் சொன்னார். அவர்களை நம் உலமாக்கள் ஏற்பதில்லை என்பது வேறு விஷயம். நம் வீடுகளில் அதிகம் காணப்படும் அப்துல்லாஹ் யூஸுப் அலீயின் ஆங்கிலத் தர்ஜுமாவோ ஜும்ஹூரின் வழியிலேயே செல்கிறது.

ஸர் ஸையித் 1898 மார்ச் 27-ந் தேதி அலீகரில் வபாத்தானார். கலாசாலைப் பள்ளிவாசலின் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். அப்போது கலாசாலை கடனிலும் குழப்பத்திலும் இருந்தது. 1899-ல் அதன் செயலாளர் பொறுப்பை ஏற்று அதை நிமிர்த்தியவர் முஹ்ஸினுல் முல்க், தப்ஸீரை ஏற்க மாட்டேன் என்று கடிதம் எழுதிய அதே நண்பர். அவர் காலத்தில், 1901-ல், ஸர் ஸையித் தொடங்கிய கல்வி மகாநாடு சென்னப்பட்டணத்திலும் கூடியது. 1920-ல் கலாசாலை சர்வகலாசாலையாயிற்று. முஹ்ஸினுல் முல்க் 1907-ல் காலமானபோது அவரையும் கொண்டு வந்து அதே பள்ளிவாசலண்டை ஸர் ஸையிதின் அருகில் அடக்கினார்கள்.