3 ஆண்டு கேட்டார், 13 ஆண்டு வாழ்ந்தார்: குடல் அறுவை சிகிச்சைக்குப் பின் ஓவியர் மத்தீஸ்

ஏதாவது கஃபே சுவரில் அந்த நீல நிறப் பெண் உருவத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காகிதத்தை வெட்டி ஒட்டின மாதிரி இருக்கும். மாதிரி என்ன, வெட்டி ஒட்டியதேதான். 1952இல் அதைச் செய்தபோது பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸுக்கு வயது 82.

1869இல் வடக்கு பிரான்ஸில் பிறந்தவர். சட்டம் படித்து, வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். 20 வயதில் குடல்வால் அழற்சி வந்து படுத்துக் கிடந்தபோது, பொழுதுபோகட்டும் என்று அம்மா ஒரு வண்ணப்பெட்டி வாங்கித் தந்தார். அதோடு வக்கீல் வேலை போச்சு.

1941 ஜனவரி. குடல் புற்றுநோய்க்காக லியோன் நகரில் அறுவை சிகிச்சை. இன்னும் மூன்று ஆண்டுகள் கிடைத்தால் போதும், வேலையை முடித்துவிடுவேன் என்று மருத்துவர்களிடம் கேட்டிருந்தார். அறுவை சிகிச்சையைத் தாண்டிவிட்டார். ஆபத்து அதற்குப் பிறகுதான் வந்தது: நுரையீரலில் ரத்தக்கட்டி, கூடவே காயத்தில் தொற்று. அவர் பிழைத்ததைப் பார்த்து, கவனித்துக்கொண்ட கன்னியாஸ்திரிகளே அசந்துபோனார்கள்.

ஏன் இப்படி ஆகிறது? அசையாமல் படுத்திருந்தால் கால் நரம்பில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைக்கும். அன்றைக்குப் பல நாள் படுக்கைதான் வழக்கம். இன்று ரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டு, மறுநாளே நடக்கச் சொல்வது அதனால்தான். வலிக்குதே என்று அப்பாவோ அம்மாவோ மறுத்தால், நீங்கள்தான் கைபிடித்து நடக்க வைக்க வேண்டும்.

மலக்குடல் புற்றுநோய் என்றால் இன்னொரு கவலையும் உண்டு. கட்டியை வெட்டிய பிறகு குடலின் இரு முனைகளையும் இணைப்பார்கள். அந்த இணைப்பு கசியலாம். பெரும்பாலும் முதல் வாரத்தையொட்டித் தெரியவரும், ஆனால் சத்தமில்லாமல் தொடங்கும். நாடித்துடிப்பு கூடும், லேசாகக் காய்ச்சல் இருக்கும், வயிறு உப்பும், சாப்பாடு இறங்காது. இதை முன்கூட்டியே பிடிக்கத்தான் மூன்றாம் நாளிலிருந்து சிஆர்பி ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். அளவு இறங்கிக்கொண்டே வந்தால் நிம்மதி. இறங்காமல் நின்றாலோ ஏறினாலோ சிடி ஸ்கேன். தொற்று உடல் முழுக்கப் பரவும் முன் கண்டுபிடித்தால் சமாளிக்கலாம்.

சிக்கல் என்னவென்றால், இப்போது சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கசிவு வீட்டில் வைத்தும் தெரியலாம். காய்ச்சல் மாத்திரை போட்டுவிட்டு, காலையில் பார்த்துக்கலாம் என்று இருக்காதீர்கள். மாத்திரை அறிகுறியை மறைத்துவிடும். உடனே அறுவை மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கினாலும், திடீரென மூச்சு வாங்கினாலும் அதேதான்.

மத்தீஸ் பிழைத்தார், ஆனால் வயிற்றுத் தசை பலவீனமாகி நெடுநேரம் நிற்க முடியவில்லை. கட்டிலிலும் சக்கர நாற்காலியிலும் உட்கார்ந்தபடி, உதவியாளர்கள் வண்ணம் பூசித் தந்த காகிதங்களைக் கத்தரிக்கோலால் வெட்டினார். தூரிகைக் காலத்தைவிட இந்தக் காலத்தில்தான் அவர் கை சுதந்திரமாக இருந்தது என்று எனக்குத் தோன்றும். 1947இல் 'ஜாஸ்' புத்தகம் வந்தது. 1942இல் அவரைக் கவனிக்க வந்த இளம் நர்ஸ் பின்னாளில் கன்னியாஸ்திரி ஆனார். அவர் கேட்ட உதவியிலிருந்து வான்ஸ் ஊரில் ஒரு தேவாலயமே உருவாகி, 1951இல் திறக்கப்பட்டது. உடல்நிலை காரணமாகத் திறப்பு விழாவுக்கு மத்தீஸால் போக முடியவில்லை.

1954 நவம்பர் 3, நீஸ் நகரில் இறந்தார். காரணம் புற்றுநோய் அல்ல, மாரடைப்பு.