அரசிதழில் திறந்த கிணறு

செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். இழிவாகச் சொல்லப்பட்ட சாதிப் பெயரையே தலைப்பாக்கி, 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். பின்னர் தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பினார். 1923இல் சென்னை மாகாண சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார்.

வரி கட்டும் சொத்துக்காரர்களுக்கே அன்று வாக்கு. சேரி மக்களில் பெரும்பாலோருக்கு வாக்கும் இல்லை, ஊர்ப் பொதுக்கிணற்றில் தண்ணீரும் இல்லை. பொதுத்தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றை எந்தச் சாதியாரும் பயன்படுத்தலாம் என்று 1924 ஆகஸ்டில் தீர்மானம் கொண்டுவந்தார். சபை ஏற்றது, 1925இல் அரசிதழிலும் வந்தது.

கிணற்றடிக் காவல் மட்டும் விலகவில்லை. நல்ல தீர்மானமும் ஊர்ப் பெரும்பான்மையின் தயவில் நின்றால் செல்லாக்காசுதான். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கருடன் சென்றார். வயது வந்த அனைவருக்கும் வாக்கு, எங்கள் பிரதிநிதியை நாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை என்று இருவரும் கேட்டனர்.

1945இல் அவர் மறைந்தார். கிணறு, குளம், சாலையில் பாகுபாடு கூடாது என்று 1950இல் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவும் சொன்னது.

இன்று நம் கையில் வாக்கு இருக்கிறது. நம் ஊரில் எந்தத் தெரு, எந்தக் குளம் இன்னும் நமக்கு அடைபட்டிருக்கிறது? அடுத்த கிராமசபையில் எழுந்து கேட்போம்; தீர்மானமாக எழுதவும் வைப்போம்.