எட்டயபுரத்து வயலின்

நம் பாடற்குழுவில் வயலின் இசைக்கப்படும்போது, அது மேல்நாட்டிலிருந்து வந்த கருவி என்பது நமக்கு நினைவிற்கு வருவதில்லை. அதற்குக் காரணமானவர்களில் முக்கியமானவர், நம் தூத்துக்குடி மாவட்டத்து எட்டயபுரத்தில் அரசவைக் கலைஞராக வாழ்ந்த பாலுசுவாமி தீட்சிதர்.

1786-இல் திருவாரூரில் பிறந்தவர். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி. குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் தங்கியிருந்தபோது, புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு இசையைக் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தது. அண்ணன் அந்த மெட்டுகளுக்கு வடமொழியில் பாடல் புனைந்தார். தம்பியின் மனமோ வயலினில் நின்றது. மணலி முதலியாரின் உதவியால் ஓர் ஐரோப்பியரிடம் ஏறக்குறைய 3 ஆண்டுகள் கற்றார். ஆசாரமான குடும்பத்துப் பிள்ளை, அந்தக் காலத்தில், ஓர் அந்நியருக்கு மாணவரானதை நாம் எளிதாகக் கடந்துவிடக் கூடாது.

பிறகு அக்கருவி நம் மண்ணுக்கு இசைந்தது. தாடையில் வைத்து நின்று வாசித்தது போய், தரையில் அமர்ந்து, அதன் தலையைப் பாதத்தில் சாய்த்து வாசிக்கலாயினர். தந்திகள் சட்ஜம், பஞ்சமம் என்று சுருதி கூட்டப்பட்டன. மரமும் வில்லும் அதேதான்.

1530-களில் நம் முத்துக்குளித்துறையில் வேரூன்றிய விசுவாசத்தை இன்றும் அந்நியச் சரக்கு என்பார் உண்டு. அவர்களும் வயலின் கச்சேரிக்குத் தவறாமல் போகிறவர்கள்தாம்!

முத்துசுவாமி 1835-இல் எட்டயபுரத்தில்தான் காலமானார். பாலுசுவாமியின் மகள்வழிப் பேரனும் சுவீகாரப் புதல்வருமான சுப்பராம தீட்சிதர், 1904-இல் அங்கிருந்தே சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினியை வெளியிட்டார். முத்துசுவாமியின் கீர்த்தனைகள் பலவும் சுரக்குறிப்போடு நமக்குக் கிடைத்தது இப்படித்தான்.