ஆரன் பர்ரின் மௌனம்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மூன்றாவது உப ஜனாதிபதியான ஆரன் பர்ரை உலகம் ஒரே ஒரு காரியத்துக்காகவே நினைவில் வைத்திருக்கிறது. 1804-ம் வருஷம் ஜூலை 11-ந் தேதி காலையில், ஹட்ஸன் நதிக்கரையிலுள்ள வீஹாக்கனில், அலெக்ஸாண்டர் ஹாமில்டனை அவர் துவந்த யுத்தத்தில் சுட்டு வீழ்த்தினார். அந்தக் குண்டுதான் பர்ரின் வாழ்வையும் முடித்தது என்பது பொதுவான அபிப்பிராயம். நாம் அவ்வாறு கருதவில்லை. சொல்லியிருக்க வேண்டிய ஒரு வார்த்தையை மூன்று வருஷங்களுக்கு முன்பு அவர் சொல்லாமலிருந்தபோதே அவருடைய வீழ்ச்சி ஆரம்பமாகிவிட்டது.

பிறப்பில் அவருக்கு யாதொரு குறையுமில்லை. 1756-ல் நியூ ஜெர்ஸியில் பிறந்தார். தந்தையும், தாய்வழிப் பாட்டனார் ஜானதன் எட்வர்ட்ஸும் பிரின்ஸ்டன் கலாசாலையின் தலைவர்களாயிருந்தவர்கள். மூன்று வயது நிரம்புமுன் பெற்றோர் இருவரையும் இழந்த அந்தப் பிள்ளை, பதினாறாவது வயதில் அதே கலாசாலையில் பட்டம் பெற்றார். சுதந்திர யுத்தத்தில் கியூபெக் நகரத்தின்மீது பட்டினியோடு படையெடுத்துச் சென்றவர்களில் அவரும் ஒருவர். பிறகு நியூயார்க்கில் வக்கீலாகிப் பெரும் புகழ் பெற்றார். 1791-ல் ஹாமில்டனுடைய மாமனாரின் இடத்தைப் பிடித்து ஸெனட் சபைக்குச் சென்றார். 1799-ல் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவருவதாகச் சொல்லி ஒரு கம்பெனிக்கு அனுமதி வாங்கி, சாஸனத்தில் நுழைத்த ஒரு ஷரத்தின் பலத்தால் அதையே பாங்கியாக்கிக் கொண்டார். சாமர்த்தியந்தான், ஆனால் இத்தகைய சாமர்த்தியத்தை ஜனங்கள் மெச்சுவார்களேயன்றி நம்பமாட்டார்கள்.

1800-ம் வருஷத்துத் தேர்தல் வந்தது. அக்காலத்து விதிப்படி தேர்தல் பிரதிநிதி ஒவ்வொருவருக்கும் இரண்டு வோட்டுகள். எது ஜனாதிபதிக்கு, எது உப ஜனாதிபதிக்கு என்ற பேதமில்லை. தாமஸ் ஜெபர்ஸன் ஜனாதிபதி, பர் உப ஜனாதிபதி என்பதே கட்சியின் தீர்மானம். எண்ணிப் பார்த்தால் இருவருக்கும் 73 வோட்டுகள்! விவகாரம் பிரதிநிதி சபைக்குச் சென்றது. ஜெபர்ஸனை வெறுத்த எதிர்க்கட்சியார் பர்ரைத் தூக்கிவிட முனைந்தனர். 1801 பிப்ரவரி 11 முதல் 17 வரை முப்பத்தாறு முறை வோட்டெடுத்தார்கள். போட்டியிடும் எண்ணமில்லையென்று பர் முதலில் எழுதியது உண்மை. ஆனால் தேர்ந்தெடுத்தாலும் ஏற்கமாட்டேன் என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் அவரிடமிருந்து வரவேயில்லை. முடிவில் ஜெபர்ஸனே வென்றார். விதியும் 1804-ல் திருத்தப்பட்டது. பர் இழந்த நம்பிக்கையைத் திருத்த எந்தச் சட்டமும் இல்லை.

அடுத்த தேர்தலில் கட்சி அவரைக் கைவிட்டது. நியூயார்க் கவர்னர் பதவிக்கு நின்றும் தோற்றார். ஹாமில்டன் தம்மை இழிவாகப் பேசியதாகப் பத்திரிகையில் கண்டு சவால் விட்டார். ஹாமில்டன் மறுநாள் உயிர்நீத்தார். இரண்டு ராஜ்யங்களில் குற்றச்சாட்டுக்கு ஆளான பர், 1805-ல் ஸெனட் சபையின் தலைமை ஆசனத்தில் அமர்ந்து, நீதிபதி சேஸ் மீது நடந்த விசாரணையை விரோதிகளும் மெச்சும்படி பாரபட்சமின்றி நடத்தினார். மனிதருடைய குணவிசித்திரத்தை என்னென்பது!

பிறகு மேற்கே சென்று ஆள் சேர்த்தார். ஸ்பெயினுக்குச் சொந்தமான மெக்ஸிகோவைப் பிடிக்கவா, சொந்த நாட்டையே துண்டாடவா? ஆளுக்கொரு விதமாகச் சொல்லி வைத்ததால் இன்றளவும் அது விளங்கவில்லை. அவருக்கு உடந்தையாயிருந்து காட்டிக்கொடுத்த ஜெனரல் வில்கின்ஸனோ, ஸ்பெயினிடம் ரகசியமாகச் சம்பளம் வாங்கியவர். விசாரணைக்கு முன்பே பர் குற்றவாளி என்று ஜனாதிபதி ஜெபர்ஸன் காங்கிரஸுக்கு அறிவித்துவிட்டார். 1807-ல் ரிச்மண்ட் நகரில் விசாரித்த பிரதம நீதிபதி ஜான் மார்ஷல் அதற்கு அசையவில்லை. யுத்தச் செயல் நடந்திருக்க வேண்டும், அதே செயலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும் என்று அரசியல் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் அனுசரித்தார். ஓஹையோ நதித் தீவில் ஆட்கள் கூடியபோது பர் அங்கே இல்லை. ஜூரர்கள் விடுதலை செய்தனர். பர்ரிடம் நமக்கு மதிப்புக் குறைவே. எனினும் சர்க்கார் முழுவதும் எதிர்த்து நின்ற ஒருவனுக்கும் சட்டம் நிழல் தந்த இந்த நிகழ்ச்சியை நாம் வியக்காமலிருக்க முடியவில்லை.

நான்கு வருஷம் ஐரோப்பாவில் வறுமையில் அலைந்து 1812-ல் திரும்பினார். அவ்வருஷமே பேரன் இறந்தான். தாமே கல்வி புகட்டி வளர்த்த ஒரே மகள் தியோடோஸியா, தந்தையைக் காணக் கப்பலேறினாள். கப்பல் கரை சேரவேயில்லை. அதன்பின் இருபது வருஷங்களுக்கு மேல் நியூயார்க்கில் வக்கீல் தொழில் செய்து காலங்கழித்தார். எழுபத்தேழாவது வயதில் ஒரு செல்வ விதவையை மணந்தார். அவளும் விவாகரத்துக் கோரினாள். 1836 செப்டம்பர் 14-ந் தேதி தீர்ப்பு முடிவாயிற்று. அன்றே அவர் ஸ்டேடன் தீவில் காலமானார். பிரின்ஸ்டனில், தந்தைக்கும் பாட்டனாருக்கும் அருகே அவரை அடக்கம் செய்தார்கள்.