தொழில் மாறினும் தொண்டு மாறாத சி.வை.தா.

நாற்பதை நெருங்கும் வயதில் ஒருவர் புதியதொரு துறையைக் கற்றுத் தேர்வது எளிதன்று. பொழுதும் பொருளும் குடும்பத்திற்கே போதாத பருவம் அது. சென்ற நூற்றாண்டிற்கும் முந்தைய நூற்றாண்டிலேயே இதனைச் செய்து காட்டியவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. அவர்தம் பதிப்புப் பணி பேசப்படும் அளவிற்கு அவர் ஏற்ற தொழில்கள் பேசப்படுவதில்லை. எனினும் இவ்விரண்டையும் பிரித்துக் காண்டல் இயலாது.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த அவர், வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்று, இளமையிலேயே ஆசிரியரானார். பேர்சிவல் பாதிரியாரின் அழைப்பை ஏற்றுச் சென்னைக்கு வந்து 'தினவர்த்தமானி' இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய முதல் பி.ஏ. தேர்வில் வெற்றி பெற்ற இருவருள் அவர் ஒருவர். கள்ளிக்கோட்டையில் சிறிது காலம் கற்பித்த பின்னர், சென்னையில் அரசாங்கக் கணக்காய்வு அலுவலகத்தில் சேர்ந்து, விசாரணைக் கர்த்தர் பதவி வரை உயர்ந்தார்.

நிலையான பதவியும் நல்ல ஊதியமும் வாய்த்த பின்னர் மேலும் கற்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஆயினும் அலுவலில் இருந்தவாறே சட்டம் பயின்று, 1871இல் பி.எல். பட்டம் பெற்றார். கற்றதை உடனே தொழிலாக்கிக் கொள்ளவுமில்லை. 1882இல் அரசுப் பணியினின்று ஓய்வு பெற்ற பின்னரே கும்பகோணத்தில் வழக்கறிஞரானார். 1887இல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதிப் பதவியும் அவரை வந்தடைந்தது. ஏனையோர் ஓய்ந்து அமரும் வயதில், என்றோ கற்று வைத்த கல்வி அவருக்குப் புதுவாழ்வு தந்தது.

அவருடைய மற்றொரு பயிற்சிக்குப் பட்டமும் இல்லை, பள்ளியும் இல்லை. 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் அவர் வெளியிட்டபோது, அதனைப் பரிசோதித்துத் தந்தவர் ஆறுமுக நாவலர். 1879இல் நாவலர் மறைந்தார். செல்லரித்த ஏடுகளோ எவருக்காகவும் காத்திரா. பிறர் பரிசோதித்ததை வெளியிட்டவர், இனித் தாமே பரிசோதிக்க வேண்டியவரானார். 1881இல் வீரசோழியம், 1883இல் இறையனார் அகப்பொருள், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை, 1889இல் சூளாமணி என நூல்கள் தொடர்ந்து வெளிவந்தன. பெரும்பாலானவை அவரது ஐம்பதாம் அகவைக்குப் பின்னர் வந்தவை என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

ஏடுகள் பல, பாடங்களும் பல. ஒன்றோடொன்று முரணும் சாட்சியங்களை நிறுத்துப் பார்த்து முடிவு காணும் நீதிமன்றப் பயிற்சி, பாடந்தேர்தலில் அவருக்குத் துணை நின்றிருக்கும் எனலாம். அவர்தம் முடிவுகள் யாவும் நிலைத்துவிடவில்லை. பொருளதிகாரத்தின் இறுதிப் பகுதியிலுள்ள உரையையும் நச்சினார்க்கினியருடையதென்றே அவர் வெளியிட்டார். அது பேராசிரியர் உரை எனப் பின்வந்த அறிஞர் நிறுவினர். ஆயினும் அச்சில் வந்தமையாலன்றோ அது பலர் கைக்கும் சென்று ஆராயப்பட்டது! பிழை நேரும் என அஞ்சி அவர் வாளாவிருந்திருப்பின், திருத்துதற்கு ஏடே எஞ்சியிராமற் போயிருக்கலாம்.

1895இல் ராவ்பகதூர் பட்டம் பெற்ற அப்பெருமகனார், 1901ஆம் ஆண்டின் முதல் நாளில் மறைந்தார். பகலில் பணியாற்றி, மாலையிலும் விடுமுறையிலும் பாடம் கேட்க வரும் நடுவயது மாணவர் இன்றும் உளர். காலங்கடந்து வந்துவிட்டோமோ என்னும் தயக்கம் அவர்கள் முகத்தில் தெரியும்போதெல்லாம் யான் எடுத்துரைப்பது இவ்வாழ்க்கையையே. பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்திலும் வெவ்வேறு தொழில் புரிந்தவாறே தமிழ் கற்போர் பலர். அவர்களுக்குரிய முன்னோடி கணக்காய்வு அலுவலகத்தில் அமர்ந்து சட்டம் கற்ற இச்சிறுப்பிட்டியாரே ஆவார்.